பருப்புக்கு ஒரு டொக்டர்

போன கிழமை பெல்மதுளைச் சந்திக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கிற மிருக வைத்திய கிளினிக் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். நாயைக் கூட்டிப் போகவில்லை. இப்படியான இடங்களுக்கு முதலில் நான் மட்டும் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, மனம் ஒப்பினால்தான் நாயை அழைத்துப் போவேன். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் லவெண்டர் வாசனை. சுவரில் பூனைகள் தொப்பி போட்டுக்கொண்டு சிரித்தன. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் என் கைகளைப் பார்த்தாள், காலடியைப் பார்த்தாள், பிறகு வாசலை எட்டிப் பார்த்தாள்.

"பெட் எங்க மிஸ்?"

"வீட்டுல."

"அப்ப மிஸ்ஸுக்கு என்ன செய்யணும்?"

உங்கள் ஃபிரிட்ஜைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. விலைப்பட்டியல் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினேன். கதவைத் திறக்கும்போது உள்ளறையிலிருந்து யாரோ வெளியே வந்தார்கள். லவெண்டருக்குக் கீழே மறைந்திருந்த ஸ்பிரிட் வாசனையும் ஈரமான நாய் வாசனையும் ஒரு நொடி கலந்து வந்தன. அவ்வளவுதான், சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற நேரமெல்லாம் நான் பலாங்கொடையில், ஹார்ட்வெயர் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக் கிளினிக்கில் இருந்தேன்.

ஃபிரிட்ஜ் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள். நான் ஃபிரிட்ஜ் திருத்துகிறவள். இரத்தினபுரியில் தொழில்நுட்பக் கல்லூரியில் அதைத்தான் படித்தேன். படிக்கப் போகிறேன் என்றதும் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இங்க ஊரே குளிருது, நீ எதுக்குடி பொட்டிய வேற குளிர வைக்கப் போற?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் அப்போது ஒரு காம்பிராவிலும், அதாவது ஒரு வீட்டிலும், ஃபிரிட்ஜ் இருக்கவில்லை. படித்து முடித்துப் பலாங்கொடையில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் இறங்கிப் போய் மாலை பஸ்ஸில் ஏறி வருவேன். வேலை என்னைக் கெடுத்துவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் குசினியில் ஃபிரிட்ஜ் எப்படி ஓடுகிறது என்று காது போகும். கல்யாண வீட்டில் ஐஸ்கிறீம் தருகிறார்கள் என்றால், எத்தனை தரம் உருகி எத்தனை தரம் உறைந்தது என்பதை நாக்கு சொல்லும்.

அந்தக் காலத்தில்தான் பருப்பு எங்களிடம் வந்தான். மைசூர்ப் பருப்பு நிறம், அதனால் அந்தப் பேர். குட்டியாக யாரோ கொழுந்து நிறுக்கும் இடத்தில் விட்டுவிட்டுப் போக, அம்மா படங்குச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். எங்கள் நாய் என்று சொல்கிறேனே தவிர, அவன் அம்மாவின் நாய். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருப்பான். பிறகு மலைக்குப் போவான், மத்தியானம் திரும்பி வருவான். நான் பஸ்ஸை விட்டு இறங்கினால் வாலை ஒரு தரம் ஆட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பான்.

நாய்களுக்கு விசர் பிடிக்காமலிருக்க ஊசி போட வழக்கமாக ஆட்கள் மேலே தோட்டத்துக்கே வருவார்கள். பெரட்டுக்களத்தில் நாய்கள் எல்லாம் கயிறு, சேலைத்துண்டு, பழைய பெல்ட் என்று கிடைத்ததில் கட்டப்பட்டு நிற்கும். ஆனால் அது பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம். மண்ணெண்ணெய்க்கு வரிசை, கேஸுக்கு வரிசை, பால்மா ஒரு பக்கெட் வந்தால் கடைக்காரர் தெரிந்தவர்களைக் கண்ணால் கூப்பிட்டுக் கொடுப்பார். யாரும் மேலே வரவில்லை. அந்த நேரத்தில் பக்கத்து டிவிஷனில் எச்சில் வடிய ஒரு நாய் திரிகிறது என்று கதை வந்தது. அன்றிலிருந்து அம்மா ஒரு நாளைக்கு எத்தனை தரம் அவன் வாயைத் துடைக்கிறார், அவன் எத்தனை தரம் அம்மாவின் கையை நக்குகிறான் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினேன்.

பயம் வந்தால் நான் பட்டியல் போடுவேன். அழுகிறவர்கள் உண்டு, கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு, நான் பட்டியல் போடுகிறவள். பலாங்கொடையில் நாய்க்கு வைத்தியம் பார்க்கும் இடங்கள் எவை, எத்தனை மணிக்குத் திறக்கும், ஞாயிறும் பௌர்ணமிப் போயா விடுமுறையிலும் திறக்குமா, போன் எடுக்கிறார்களா, பஸ் ஸ்டாண்டிலிருந்து நாயை நடத்திக்கொண்டு போகலாமா, தமிழ் யாருக்காவது தெரியுமா. கடைசி விஷயம் எனக்காக இல்லை, நான் சிங்களத்தில் சண்டையே பிடிப்பேன். அம்மாவுக்காக. எல்லாவற்றுக்கும் மேலே நான் எழுதியது ஃபிரிட்ஜ். கரண்ட் தினமும் மணிக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. ஊசி மருந்து குளிரிலேயே இருக்க வேண்டிய சாமான். சூடேறிக் கெட்டுப்போன மருந்து பார்வைக்கு நல்ல மருந்து போலவே இருக்கும். போட்டுக்கொண்ட நாய்க்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது.

அரசாங்க மிருக வைத்திய காரியாலயம் காலையில் மட்டும். நான் வேலைக்குப் போகிற நேரமும் அதுதான், அதனால் அது பட்டியலில் கீழே போய்விட்டது. மெயின் ரோட்டில் ஏசி போட்ட கிளினிக் ஒன்று இருந்தது. அங்கே நான் கேட்டேன்: "கரண்ட் போற நேரத்துல ஊசி மருந்தெல்லாம் எப்படி வச்சிருக்கீங்க?"

"கெடாது மிஸ், எல்லாம் ஃபிரிட்ஜ்ல தானே இருக்கு," என்று அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினாள். மருந்துக் குப்பிகள் கதவுத் தட்டில், யோகட் கோப்பைக்குப் பக்கத்தில் நின்றன. கதவுத் தட்டுதான் ஃபிரிட்ஜிலேயே சூடான இடம். நல்ல பெண், பாவம். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாவதுதான் ஹார்ட்வெயர் கடைக்குப் பின்னால் இருந்தது. ஒரு அறை, ஒரு மேசை, வாசலோரம் காத்திருப்பவர்கள் உட்கார ஒரு வாங்கு. டொக்டர் ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். பகலில் வேறு இடத்தில் வேலை, மாலையில் இங்கே. தமிழ் கொஞ்சம் தெரியும், மொனராகலைப் பக்கம் வேலை செய்தபோது பழகியதாம். ஃபிரிட்ஜ் பழையது, கதவு ரப்பர் இரண்டு இடத்தில் பிய்ந்திருந்தது. பார்த்ததும் எனக்கு மனம் விட்டுப்போயிற்று. இருந்தாலும் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் நங்கி என்று கூப்பிட்டுப் பதில் சொன்னார்.

"தெரியல நங்கி. போன கிழமை ரெண்டு பெட்டி வீசிட்டேன். கெட்டுப்போச்சான்னு நிச்சயமா தெரியல. நல்லதா இருக்குமோன்னும் நிச்சயமா தெரியல."

ஃபிரிட்ஜைத் திறந்தார். கீழ்த்தட்டு முழுக்கத் தண்ணீர் நிரப்பிய போத்தல்கள், நடுத்தட்டில் மருந்து, பக்கத்தில் ஒரு வெப்பமானி. கரண்ட் போனால் தண்ணீர் போத்தல்கள் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். அடுத்த நாள் கடையிலிருந்து புது ரப்பர் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தேன். அந்த வாரமே பருப்புக்கு ஊசி போட்டாயிற்று. வாங்கில் உட்கார்ந்திருந்தபோது டொக்டர் உள்ளேயிருந்து "பரிப்பு காகெத?" என்று கூப்பிட்டார். பருப்பு யாருடையது என்று அர்த்தம். சிங்களத்திலும் பரிப்பு பருப்புதான், அதனால் வாங்கு முழுக்கச் சிரித்தது. ஒரு அம்மணி தன் பூனையிடம், சோறும் வந்தால் சரி என்றார்.

எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். லயத்துக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கும் இடத்தில் பருப்பு குரைப்பது கேட்டது, பிறகு ஒரு கத்தல். அம்மா ஓடினார். நான் கையில் சோற்றுப் பீங்கானோடு ஓடினேன். பருப்பு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். அடுத்த காம்பிரா செல்வம் அண்ணன் அதற்குள் மண்வெட்டியால் பாம்பை அடித்துவிட்டிருந்தார். நான் அதைப் பார்க்கவில்லை. பருப்பின் காலைத்தான் பார்த்தேன். விரல்களுக்கு மேலே இரண்டு புள்ளிகள், அவற்றிலிருந்து இரத்தம் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே ஓடிப்போய் டொக்டருக்குப் போன் எடுத்தேன். ஞாயிறு கிளினிக் இல்லை. எடுப்பாரோ மாட்டாரோ என்று நினைப்பதற்குள் எடுத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தார் போல, வாயில் சோறு இருந்தது. "கொண்டு வாங்க. நடக்க விடாதீங்க, தூக்கிட்டு வாங்க. ஒண்ணும் கட்ட வேணாம், வெட்ட வேணாம். பாம்பைப் போட்டோ எடுங்க. கிட்டப் போகாம."

போனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் புகை. லயத்து மூலையில் சருகும் விறகும் குவித்து, பாம்பை அதில் போட்டு, கற்பூரம் வைத்து எரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அடித்த பாம்பை அப்படியே போட்டுவைக்க மாட்டார்கள். பால் ஊற்றி, சூடம் காட்டி, எரித்துவிட்டுத்தான் மறு வேலை. அதுவும் அன்றைக்கு அவசரம் வேறு. செல்வம் அண்ணனின் மனைவி சாந்தினி நிறைமாதம். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற லயத்தில் செத்த பாம்பு கிடக்கக்கூடாது. கடையில் பால்மா இல்லாத அந்த நாளில், பிள்ளைக்கு என்று ஒளித்து வைத்திருந்த பக்கெட்டில் ஒரு கரண்டி கரைத்து அவளே கொண்டுவந்து ஊற்றியிருந்தாள். நான் ஒரு குச்சியால் நெருப்பைக் கிளறினேன். கறுப்பாக ஒரு சுருள் மட்டும் இருந்தது. அதைப் போட்டோ எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"அண்ணே, என்ன பாம்பு?"

"விரியன் தங்கச்சி."

"எந்த விரியன்?"

"அடிக்கிற அவசரத்துல எந்த விரியன்னு பேரு கேட்டுட்டா அடிப்பாங்க?"

அடுத்தது பெற்றோல். செல்வம் அண்ணனுடைய த்ரீவீல் மூன்று வாரமாகப் படங்கு போர்த்தி நின்றது. ஆனால் ஒரு போத்தல் பெற்றோல் இருந்தது. அது லயத்துக்கே தெரியும். சாந்தினிக்கு வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வைத்திருந்தது. நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? பருப்பை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் கேட்கவில்லை. அவர் அழுதுகொண்டும் இருக்கவில்லை, அவன் காதைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? எடுங்க," என்றாள் சாந்தினி.

"அது உனக்குடி," என்றார் செல்வம் அண்ணன்.

"எனக்குத்தான். நான்தான் சொல்றேன், எடுங்க. இன்னைக்கு வராது. வந்தா தொரை பங்களாவுக்கு நடந்து போய் லொறி கேக்குறேன், போங்க."

பலாங்கொடைக்கு இறங்கும் வழி முழுக்க எனக்கு இரண்டு பயம். ஒன்று மடியில் இருந்தது, கால் வீங்கிக்கொண்டே வந்தது. மற்றது பின்னால், லயத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.

டொக்டர் கிளினிக்கைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். பருப்பை மேசையில் கிடத்தியதும் அவர் கேட்டது, "சர்ப்பயா கோ?" பாம்பு எங்கே?

"பத்த வச்சிட்டோமுங்க டொக்டரம்மா," என்றார் அம்மா, நல்ல செய்தி சொல்வது போல.

நான் போட்டோவைக் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போனைத் திருப்பித் தந்தார்.

பிறகு விசாரணை. எவ்வளவு நீளம்? செல்வம் அண்ணன் இரண்டு கையையும் விரித்தார். அம்மா தன் முழங்கையைக் காட்டினார். நிறம்? "சருகு மாதிரிங்க," என்றார் செல்வம் அண்ணன். "இல்லடா, சங்கிலி மாதிரி வட்டம் வட்டமா இருந்துச்சி." "அது நெழலு." "நெழலு எங்கடா வட்டமா வுழும்?" மூக்கு மேல்நோக்கி வளைந்திருந்ததா என்று டொக்டர் கேட்டதற்கு இருவரும் ஒரே நேரத்தில், ஒருவர் ஆமாம் என்றும் ஒருவர் இல்லை என்றும் சொன்னார்கள்.

டொக்டர் எனக்குச் சிங்களத்தில் விளக்கினார். சருகு நிறத்தில் சின்னதாக இருந்தால் கோப்பி விரியன். அதற்கு இங்கே தனி மருந்து இல்லை, சேலைன் ஏற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும். சங்கிலி வட்டமென்றால் கண்ணாடி விரியன். அதற்கு மருந்து உண்டு. ஆனால் அந்த மருந்தே சில நேரம் நாயைக் கொல்லும். அவரிடம் இருப்பதும் கொஞ்சம்தான், இனி எப்போது வரும் என்று தெரியாது.

"அப்ப எது டொக்டர்?"

"எனக்குத் தெரியல. தெரியாம ஏத்த மாட்டேன்."

இதை அவர் தமிழில் சொல்லிவிட்டார். அம்மாவின் முகம் மாறியது. என் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார்.

"தெரியலன்னு சொல்றவகிட்டயாடி கூட்டியாந்த? ரோட்டுல அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, ஏசி எல்லாம் போட்டு. இல்லாட்டி வெதமாத்தயாகிட்டயாவது போவோம். பொட்டிய பாத்து டொக்டர் புடிச்சிருக்கா, பாரு."

நாட்டு வைத்தியரிடம் போவோம் என்கிறார். உண்மையாகவே பெட்டியைப் பார்த்துத்தான் பிடித்தேன். ஏசி கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். எடுத்த பெண், "கொண்டு வாங்க மிஸ், பாம்பு ஊசி போட்டுடலாம்," என்றாள். டொக்டர் இருக்கிறாரா என்றேன். பின்னேரம் வருவார் என்றாள். போடலாம் என்ற சொல் காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

திரும்பிப் பார்த்தபோது டொக்டர் அவன் காலில் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசையில் தாங்கியில் நிறுத்தினார். "யாரும் தொட வேணாம். மேசையில கை வைக்க வேணாம். இருபது நிமிஷம். கட்டியாச்சின்னா கண்ணாடி விரியனா இருக்க வாய்ப்புக் குறைவு. தண்ணியா நின்னா மருந்து ஏத்துவேன்."

உடனே போகாமல் நின்றதற்குக் காரணம் அந்தக் குழாய்தான். தெரியாது என்று சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை, தெரிந்துகொள்ள ஒரு வழி செய்தார். என் வேலையும் அப்படித்தான். கம்பிரஸரா, கேஸா என்று தெரியாவிட்டால் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திறப்பேன். அம்மாவிடம், "இருபது நிமிஷம் பொறுங்க," என்றேன். அம்மா வாங்கில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இடையில் கரண்ட் போயிற்று. விசிறி நின்றது, ஃபிரிட்ஜ் ஒரு தரம் குலுங்கி நின்றது. பருப்பு மூச்சு விடுவது அந்த அறைக்குப் பெரிதாகக் கேட்டது. செல்வம் அண்ணன் சாந்தினிக்குப் போன் எடுத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தரமும், "இல்லங்கிறேன், வையுங்க," என்று அவள் வைத்தாள். நான் குழாயையே பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது கட்டியானது போலவும் இருந்தது, தண்ணீர் போலவும் இருந்தது. டொக்டர் ஒரு தரமும் குழாயைப் பார்க்கவில்லை. பருப்பின் பல் ஈறை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

நேரமானதும் குழாயை எடுத்து மெதுவாகச் சாய்த்தார். இரத்தம் அசையவில்லை. அடியோடு ஒட்டி நின்றது.

"கட்டியாச்சி," என்றார். எங்களில் யாரும் மூச்சு விடுவதற்குள், "இன்னும் ஒரு தரம் பின்னேரம் பாக்கணும். சில நேரம் பிந்தி மாறும். சேலைன் போடுறேன். சிறுநீர் போறானான்னு பாக்கணும், அதுதான் முக்கியம்," என்றார். பின்னேரமும் கட்டியானது. பருப்பை அன்று டொக்டர் தன்னோடு வைத்துக்கொண்டார். செல்வம் அண்ணன் முன்னதாகவே த்ரீவீலில் சாந்தினியிடம் போய்விட்டார். நாங்கள் திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "கண்டதையும் ஏத்தாம வுட்டா, அதுவும் நல்லதுதான்," என்றார். என்னிடம் சொன்னாரா, ஜன்னலிடமா என்று கேட்கவில்லை.

அவன் பிழைத்தான். காலில் ஒரு விரல் கறுத்து விழுந்தது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வாரம், நான் வேலையில் ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டிருக்கும் நேரமாகப் பார்த்து அம்மா போன் எடுப்பார். "ரெண்டு தரம் போயிட்டான். டொக்டரம்மாகிட்ட சொல்லிரு." சொல்வேன். சாந்தினிக்கு அடுத்த வாரம் பொம்பளைப்பிள்ளை பிறந்தது. தோட்டத்து லொறியில்தான் போனாள்.

அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் ஒரு மாற்றம் வந்தது. பாம்பு அடித்தால் முதலில் போட்டோ. பிறகுதான் பால், கற்பூரம், நெருப்பு. போட்டோ எனக்கு வரும், நான் டொக்டருக்கு அனுப்புவேன். "சாரை, பயமில்ல, ஏன் அடிச்சீங்க" என்று பதில் வரும். "இது கோப்பி விரியன், விறகுப் பக்கம் பிள்ளைகளை விட வேணாம்" என்று வரும். பக்கத்து லயத்து ஆட்களும் அனுப்பத் தொடங்கினார்கள். ஊசி, பூச்சி மருந்து, உண்ணி, காதுப்புண் எல்லாவற்றுக்கும் அவர்தான். எங்கள் மலையில் நாய் பூனைகளுக்கு ஒரு டொக்டர் இருக்கிறார் என்பதே ஒரு பெருமையாக இருந்தது.

போன வருடம் அவர் குடும்பத்தோடு நியூசிலாந்துக்குப் போய்விட்டார். அந்த அறையில் இப்போது போன் உறைகள் தொங்குகின்றன. ஃபிரிட்ஜை யாருக்கு விற்றார்கள் என்று தெரியாது. கொஞ்ச நாள் அங்கிருந்தும் பதில் எழுதினார், எங்கள் பின்னேரம் அவருடைய நடுச்சாமம் என்பதால் பிந்தி வரும். பிறகு அந்த இலக்கமும் நின்றுவிட்டது. அனுப்பும் படங்கள் போய்ச் சேராமல் வட்ஸ்அப்பில் ஒற்றைக் குறி மட்டும் விழுகிறது. இதை நான் இன்னும் லயத்தில் சொல்லவில்லை, பெல்மதுளைக்கு வேறு டொக்டர் தேடிப் போனதையும்.

இன்று காலையில் செல்வம் அண்ணன் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். விறகு அடுக்குக்குப் பக்கத்தில், மங்கலாக, சருகு நிறத்தில் ஒன்று. ஓரத்தில் அவருடைய மகளின் செருப்பு தெரிகிறது. "இது எது தங்கச்சி? டொக்டர்கிட்ட கேட்டுச் சொல்லு. பதில் வர்ற வரைக்கும் அடிச்சதை எரிக்காம, அது மேல கூடைய கவுத்து வச்சிருக்கோம்," என்று எழுதியிருக்கிறார். மத்தியானமாகிவிட்டது. கூடை இன்னும் கவிழ்ந்தபடியே இருக்கும்.